நல்லாருக்கு, தங்கச்சி

காலி பாட்டிலை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "அடடா, மல்லி! நம்ம மதுரை மல்லி. என்னா வாசம் தங்கச்சி!" என்று சொன்ன மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த பாட்டிலில் ஒன்றுமே இல்லை. நானே கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்டு வைத்தது. அதை அவரிடம் சொல்லியிருந்தால், "நல்லாக் கழுவியிருக்கீங்க" என்று அதற்கும் ஒரு பாராட்டுச் சொல்லியிருப்பார்.

அப்போது நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. நோயாளிகளுக்கு போன் போட்டு வரச்சொல்வது, வந்தவர்களை உட்காரவைப்பது, வராதவர்களிடம் கெஞ்சுவது, இதுதான் வேலை. மூக்குக்குள் வளரும் சதையைப் பற்றிய ஆராய்ச்சி அது. தோலுரித்த திராட்சை மாதிரி வழுவழுவென்று சதை வளர்ந்து மூக்கின் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொள்ளும். வலிக்காது. வலிக்காததால் யாரும் சீக்கிரம் ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டார்கள். சளி என்று நினைத்து வருடக்கணக்கில் வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு, வாசனையும் தெரியாமல் நாற்றமும் தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டு, கடைசியில் குறட்டை பொறுக்காமல் வீட்டில் இருப்பவர்கள் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஆராய்ச்சியை நடத்தியவர் எங்கள் துறையின் பெரிய டாக்டர் அம்மா. நாங்கள் மேடம் என்போம். மூக்கில் அடித்துக்கொள்ளும் ஒரு மருந்து இந்தச் சதையைச் சுருக்குகிறதா என்று பார்ப்பது அவர் திட்டம். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீர். பாட்டில்கள் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது. குணமாகாதவர்களுக்கு ஆபரேஷன். ஆனால் சதை இருக்கிறது என்பதற்காக மட்டும் மேடம் கத்தியை எடுக்கமாட்டார். "ஆளுக்குக் கஷ்டம் இருக்கணும். ஸ்கேன் படத்துக்கெல்லாம் நான் ஆபரேஷன் பண்றதில்ல" என்பார். ஆகவே நோயாளி தன் வாயால் என்ன சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அப்படிப்பட்ட இடத்தில் வந்து சேர்ந்தார் இவர்.

திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். கல்யாணத் தரகர். வெள்ளைச் சட்டை, அக்குளில் இடுக்கிய ஒரு தோல்பை. மூச்சுக்காக வாய் எப்போதும் லேசாகத் திறந்தே இருக்கும். அதனாலேயே யாரையோ எதற்கோ பாராட்டப்போகிறவர் போல ஒரு முகம். நிஜமாகவே பாராட்டவும் செய்வார். தொழில் அப்படி. வேலைவெட்டி இல்லாத பையனை "வீட்டுக்கு அடங்குன பையன்" என்பார். வாய் ஓயாத மாமியாரை "மனசுல ஒண்ணும் வச்சுக்கமாட்டாக, அங்கனயே கொட்டிருவாக" என்பார். பொய் சொல்கிறார் என்று பிடிக்கவும் முடியாது. எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் நல்லதாக ஒன்று அவர் கண்ணில் பட்டுவிடும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

அவர் வாயில் வராத ஒரே சொல் 'இல்லை'. அதற்குப் பதிலாக "நல்லாருக்கு" என்று ஒன்றை வைத்திருந்தார். வெயில் எப்படி என்றால் நல்லாருக்கு. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர்களா என்றால், "ஆமா தங்கச்சி, காத்து நல்லா வந்துச்சு." எங்கள் கேன்டீன் டீயை நல்லாருக்கு என்று சொன்ன ஒரே ஜீவன் அவர்தான்.

ஆராய்ச்சியில் சேருவதற்கு முன் விவரங்களையெல்லாம் படித்துக்காட்டி, சந்தேகம் கேட்கச் சொல்லி, அதன் பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். நான் முதல் பத்தியை முடிக்கவில்லை, அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"இருங்கண்ணே, முழுசாக் கேளுங்க. உங்களுக்கு மருந்தும் கிடைக்கலாம், வெறும் உப்புத் தண்ணியும் கிடைக்கலாம்."

"எது குடுத்தாலும் சரிதான் தங்கச்சி. நீங்க தப்பாவா குடுக்கப் போறீக?"

"ஏதாவது சந்தேகம் கேக்கணும்ணே. கேட்டாத்தான் நான் கையெழுத்து வாங்க முடியும்."

நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். பிறகு கேட்டார், "சாப்டீங்களா?"

மேடம் அவர் மூக்குக்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தபோதும் இதே கதைதான். எப்பேர்ப்பட்ட ஆளும் அந்த நேரத்தில் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடுவார். இவரும் கண்ணீர் விட்டார். விட்டுக்கொண்டே திரையைப் பார்த்து, "மிஷினு தெளிவாக் காட்டுது டாக்டர்" என்றார். திரையில் தெரிந்தது இரண்டு பக்கமும் கொத்துக்கொத்தாக அடைத்துக்கிடந்த அவருடைய சொந்தச் சதை. மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வாசனைப் பரிசோதனை என் பொறுப்பு. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெட்டியை வைத்து முதலில் செய்துகொண்டிருந்தோம். அதில் பைன் மர வாசனை ஒன்று இருந்தது. பைன் மரத்தை எங்கள் நோயாளிகள் எங்கே பார்த்தார்கள்? எல்லாரும் ஒரே குரலில் "கக்கூஸ் கழுவுறது" என்றார்கள். மேடம் அந்தப் பெட்டியை மூடிவிட்டு, நம் ஊர் மூக்குக்கு நம் ஊர் வாசனை என்று முடிவு செய்தார். மல்லி, பெருங்காயம், காபித்தூள், கிராம்பு, கருவாடு. சின்னச் சின்ன பாட்டில்களில் போட்டு நானே தயார் செய்தேன். கருவாடு தயார் செய்த அன்று என் வீடு இருந்த திருநகருக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே இருந்தது.

முதல் தடவை அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பாட்டிலுக்கும், "வாசம் இருக்கு தங்கச்சி, பேருதான் ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது" என்றார். சில வாரம் மருந்தடித்துவிட்டு மறுபடி வந்தவர் கடகடவென்று அத்தனையும் சரியாகச் சொன்னார். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. மேடத்திடம் ஓடினேன். குழாயை விட்டுப் பார்த்தால் சதை துளிகூடச் சுருங்கவில்லை.

"மூச்சு எப்படி இருக்கு?" என்று மேடம் கேட்டார்.

"நல்லாருக்கு டாக்டர்."

"தூக்கம்?"

"படுத்தா காலைலதான்."

அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை. நன்றாக இருக்கிறேன் என்கிறவருக்கு ஆபரேஷன் கிடையாது. கொத்துத் திராட்சையோடு மனிதர் வீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் எங்கள் வராந்தா பெஞ்சு அவருடைய அலுவலகமாக மாறிவிட்டது. காத்திருக்கும் நேரத்தில் உசிலம்பட்டிப் பெரியவர் ஒருவரின் மகளுக்கும் மேலூர்க்காரர் ஒருவரின் தம்பிக்கும் பேச்சுவார்த்தையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு தரப்புக்கும் மூக்கில் சதை. "ரெண்டு வீட்டுலயும் கொறட்டை பழக்கம்தான், பிரச்சனையே வராது" என்று அதையும் ஒரு பொருத்தமாகக் கணக்கில் சேர்த்தார். என்னையும் அவர் விடவில்லை. என் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு, "பொண்ணு திருநகர். நல்ல படிப்பு. பேச்சு மட்டும் கொஞ்சம் காரம். காரமில்லாம என்னம்மா சாப்பாடு?" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டேனாண்ணே உங்ககிட்ட?" என்று பிடித்துக்கொண்டேன்.

"கேக்காமச் செய்யிறதுதான தங்கச்சி ஒதவி."

பேச்சு காரம் என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்று அன்று அவருக்கு விளக்கமாகவே காட்டினேன். "பாத்தீகளா, நல்லா வெவரமாப் பேசுறீக" என்றார். அந்த மனிதரை என்ன செய்வது?

பிறகு ஒரு வாரம் எல்லாருக்கும் குணமானது. வந்தவர் எல்லாம் நல்லாருக்கு. கேட்டதற்கெல்லாம் சரியான வாசனை. மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னம்மா இது? இந்த வாரம் மதுரை ஜில்லாவுக்கே மூக்கு தொறந்துகிச்சா? போய் அந்த பெஞ்சுல என்ன நடக்குதுன்னு பாரு."

பார்த்தேன். உள்ளே போய்விட்டு வருகிறவரை இவர் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த பாட்டில் முதலில், எது அடுத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போவதற்கு முன் அந்தத் தெருவில் விசாரிப்பது அவர் தொழில். அதையேதான் இங்கேயும் செய்தார். விசாரித்ததை உள்ளே போகிறவர்களுக்குத் தாராளமாக வழங்கவும் செய்தார். கூடவே ஒரு வேண்டுகோள்: "நல்லாருக்குன்னே சொல்லுங்கப்பா. பாவம், அந்தப் புள்ள காலைலேருந்து நின்னுக்கிட்டே இருக்கு."

அந்தப் புள்ள நான்தான். ரத்தம் கொதித்தது. மேடம் சொன்னபடி பாட்டில்களின் வரிசையை மாற்றினேன். நடுவில் ஒரு காலி பாட்டிலையும் வைத்தேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் பழைய வரிசையைப் பிசகாமல் ஒப்பித்தார். கருவாட்டு பாட்டிலைத் திறந்ததும் வாசலில் நின்ற ஆயாம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப்போனார். இவர் ஆழமாக இழுத்து, "காபி. டிகிரி காபி" என்றார். காலி பாட்டிலைத்தான் மதுரை மல்லி என்றார்.

கையும் களவுமாக மேடத்திடம் கொண்டுபோய் நிறுத்தினேன். மேடம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏங்க இப்படிச் சொன்னீங்க?"

தோல்பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்.

"நீங்க இம்புட்டுப் பாடுபட்டு மருந்து குடுக்கீக. இந்தத் தங்கச்சி ஆசையா மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்குது. மருந்து கேக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது? வாடிப் போயிருவீகள்ல."

"சரி. அப்போ உங்க மூக்கு?"

"அது கெடக்கட்டும் டாக்டர்."

திட்டத்தான் போயிருந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். எனக்கு மூக்கில் சதை எல்லாம் இல்லை.

அடுத்த தடவை வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி வந்தார். ஒல்லியான, விறுவிறுப்பான அம்மா. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"இவருக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மேடம் கேட்டதுதான் தாமதம்.

"எங்கிட்ட கேக்குறீகளா? முழுசாக் குணமாயிருச்சு, டாக்டரே பாராட்டுனாகன்னு வந்து சொன்னாரே! ராத்திரி பூரா ஒக்காந்துக்கிட்டே தூங்குறாரு டாக்டர். படுத்தா மூச்சு முட்டுது. கேட்டா, ஒக்காந்து தூங்குறதும் நல்லாத்தான் இருக்குங்குறாரு."

கணவர் சுவரில் மாட்டியிருந்த காதின் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதக்கூட விடுங்க. சாப்பாடு! என்னத்த வச்சாலும் நல்லாருக்கு. எனக்குச் சந்தேகம் வந்து ஒரு நா வேணும்னே புளிக்கொழம்பக் கருக விட்டேன். தெருவே நாறுது. பக்கத்து வீட்டுக்காரி என்னாச்சுன்னு ஓடியாறா. இவரு தட்டுல ஊத்திப் பெசஞ்சு தின்னுட்டு, இன்னைக்குக் கொழம்பு பிரமாதம்னு எந்திரிச்சுப் போறாரு."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"சிரிப்பாத்தான் இருக்கு டாக்டர். ஆனா எத்தன வருசமாச் சமைக்கிறேன், நல்லாருக்கா நல்லால்லையான்னு எனக்கே தெரியலயே. செவுத்துக்குச் சோறு போட்ட மாதிரி இருக்கு. ஒரு தடவையாவது நல்லால்லைன்னு இந்த மனுசன் சொல்லிட்டா எனக்குப் போதும்."

அவர் காதின் படத்திலிருந்து கண்ணை எடுத்து மனைவியைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல டாக்டர்" என்றார். "மல்லியும் தெரியல, கருவாடும் தெரியல. வாயில போட்டா அம்புட்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உப்பு தெரியுது, உறைப்பு தெரியுது, அம்புட்டுத்தான். மூச்சும் வாயாலதான்."

இவ்வளவு பெரிய உண்மையை ஒரே மூச்சில் சொன்னதில் அவருக்கு வேர்த்துவிட்டது. மேடம் அப்போதே ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்.

ஆராய்ச்சியெல்லாம் முடிந்து யாருக்கு எந்த பாட்டில் போனது என்று திறந்து பார்த்தது அதற்கு ரொம்ப நாள் பிறகு. இவர் வாய் ஓயாமல் புகழ்ந்தது வெறும் உப்புத் தண்ணீரை. அவர் வழங்கிய ஆலோசனையால் அந்த வாரம் வந்த எல்லாரையும் மறுபடி வரவழைத்து நான் மறுபடி பரிசோதித்தது தனிக் கதை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் பேச்சு மறுபடி காரமாகிவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மூக்கில் அடைத்திருந்த பஞ்சை எடுத்து, கொஞ்ச நாளில் பொருக்குகளும் உதிர்ந்ததும், மூச்சு இரண்டு பக்கமும் தாராளமாக வந்தது. படுத்துத் தூங்கினார். வாய் மூடிய அவரை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. ஆனால் வாசனை வரவில்லை. எல்லாருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது, நாளாகலாம், வராமலும் போகலாம் என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லணும். வீட்லயும் அப்படித்தான். நல்லாருக்குங்கிற வார்த்தை எடுத்தீங்கன்னா நான் வைத்தியம் பார்க்கமாட்டேன்."

அந்த நிபந்தனை அவரைப் படுத்திய பாடு ஆபரேஷன்கூடப் படுத்தவில்லை. நான் பாட்டிலை நீட்டுவேன். முகர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ என் வீட்டுச் சாமானை உடைத்துவிட்டவர் மாதிரி, "தெரியல தங்கச்சி" என்பார். அடுத்த பாட்டிலுக்கு இன்னும் சின்னக் குரலில் ஒரு தெரியல. வீட்டில் தட்டைப் பார்த்தபடி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போகிறார் என்று அந்த அம்மா சொன்னார். "நல்லாருக்குன்னு பொய்யாவாச்சும் சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப அதுவும் இல்ல" என்று அவர் சொன்ன அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தரகர் வேலைக்கும் அவர் சரியாகப் போவதில்லை என்றார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. வராந்தா நிறையக் கூட்டம். அந்த அம்மா கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு படியேறி வருகிறார். பின்னால் இவர், குற்றம் செய்தவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு. அந்த அம்மா என்னிடம்கூட வரவில்லை. பெஞ்சின் ஒரு முனையிலிருந்து ஆளுக்கொரு மைசூர்பாகாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்.

"என்னக்கா விசேஷம்?" என்றார் ஒரு ஆட்டோக்காரர். ஆபரேஷனுக்குப் பயந்து தேதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்த நோயாளி அவர்.

"என் கொழம்பு நல்லால்லையாம்!"

ஆட்டோக்காரர் திருதிருவென்று விழித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"நேத்து அயிரை மீன் கொழம்பு வச்சேன் யம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "விருந்தாளி வந்துட்டாகளேன்னு அவசரத்துல மீன உப்புப் போட்டு ஒழுங்கா ஒரசல. மண்ணு போகல போலருக்கு. ஒரு வாய் வச்சாரு. அப்படியே நிறுத்திட்டாரு. தட்டையே பாக்குறாரு. மோந்து மோந்து பாக்குறாரு. என்னங்கன்னேன். மண்ணு வாடை அடிக்குதுன்னாரு! விருந்தாளிக முன்னாடியே சொல்லிட்டாரு!"

அழுகையும் சிரிப்புமாக என்னென்னவோ சொன்னார். எனக்குப் பாதி காதில் விழவில்லை, நானும் அழுதுகொண்டிருந்தேன். கணவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "விருந்தாளிக முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதுதான் தங்கச்சி. வாய் தவறி வந்துருச்சு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் மனைவி.

"விடு."

"எல்லாரும் கேக்கச் சொல்லுங்க."

"மண்ணு வாடை" என்றார். பிறகு அவருக்கே ஆசை வந்துவிட்டது போல, குரலை உயர்த்தி, "ஒரே மண்ணு வாடை!" என்றார். பெஞ்சு மொத்தமும் சிரித்தது. சத்தம் கேட்டு மேடம் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார்.

அதற்குள் எல்லாரும் மைசூர்பாகை வாயில் போட்டிருந்தார்கள். "நல்லாருக்குக்கா", "பிரமாதம்" என்று அங்கங்கே பாராட்டு. அந்த அம்மா கடைசித் துண்டை எடுத்துக் கணவர் வாயில் ஊட்டினார். அவர் மென்றார். மெல்லுவது நின்றது. மூக்கு சுருங்கியது. மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார்.

"நெய்யி சிக்கு வாடை அடிக்குதே" என்றார்.

அத்தனை பேரும் கையில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்தார்கள். முகர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தேன். பழைய நெய்யின் நல்ல சிக்கு வாடை.

"நெசமாவாண்ணே?" என்றார் ஆட்டோக்காரர், முகம் வாடிப்போய். "எனக்குத் தெரியலயே."

யார் முகம் வாடினாலும் தரகரால்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியாதே. ஆட்டோக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டார். பெஞ்சு முழுவதையும் ஒரு தடவை பார்த்தார்.

"கவலப்படாத மாப்ள. தைரியமா ஆபரேஷனுக்குப் போயிட்டு வா" என்றார். "ஒனக்கும் நாறும். இங்க இருக்க அம்புட்டுப் பேருக்கும் நல்லா நாறும்."